பழைய வண்டியில் விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும்?



சரக்குக் கொள்முதலில் நாம் எவ்வளவோ கவனமாக இருக்கிறோம். மூட்டையில் குத்தூசி விட்டு எடுத்துப் பார்க்கிறோம். உள்ளங்கையில் கொட்டி ஊதிப் பார்க்கிறோம். எடையை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்க்கிறோம். ஆனால் அந்தச் சரக்கை ஏற்றி வரும் வண்டி விஷயத்தில், "ஓடுகிறதல்லவா, போதும்" என்று விட்டுவிடுகிறோம்.

நம் உறுப்பினர்களில் பலர் கடைக்குப் பழைய வண்டிதான் வாங்குகிறார்கள். ஆம்னி, ஈகோ, டாடா ஏஸ் போன்றவையே அதிகம். ஆம்னி தயாரிப்பு 2019-இல் நின்றுவிட்டதால் இன்று கைமாறும் ஆம்னி எல்லாமே வயதானவை. பழைய வண்டி வாங்குவது தவறல்ல. முதல் குறைவு, தேய்மானம் குறைவு. ஆனால் டாஷ்போர்டில் எரியும் விளக்கு சொல்வதைப் புரிந்துகொள்ளாவிட்டால், வாங்கும்போது மிச்சப்படுத்திய பணம் ஒரே நாளில் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடும். சில விளக்குகள் உயிர் சம்பந்தப்பட்டவை. ஆகவே நாம் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

வாங்கும் முன் சாவிச் சோதனை

சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஆயில், பேட்டரி, என்ஜின், அந்த வண்டியில் இருந்தால் ஏபிஎஸ், ஏர்பேக் ஆகிய விளக்குகள் எரிய வேண்டும். எரியாத விளக்கு இருந்தால் ஒன்று பல்பு போயிருக்கும், அல்லது குறையை மறைக்க யாரோ அதைக் கழற்றியிருப்பார்கள். விளக்கு எரியாத வண்டி நல்ல வண்டி என்று எண்ணிவிடக் கூடாது.

இன்னொரு தந்திரமும் உண்டு. விபத்தில் ஏர்பேக் வெடித்த காரில் புது ஏர்பேக் போடாமல், அதன் விளக்கை ஆயில் விளக்கோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். இதைக் கண்டுபிடிக்க வழி எளிது. ஏர்பேக், ஏபிஎஸ் விளக்குகள் சாவி போட்ட சில நொடிகளில் தாமாகவே அணையும். ஆயில், பேட்டரி விளக்குகள் என்ஜின் ஓடத் தொடங்கிய பிறகுதான் அணையும். எல்லாம் ஒன்றாக ஒரே நொடியில் அணைந்தால் சந்தேகப்படுங்கள். 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமாயிற்று. அதற்குப் பின் வந்த கார் வாங்குவோர் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

என்ஜின் விளக்கை, விற்பதற்குச் சற்று முன் ஸ்கேனர் வைத்து அழித்துவிட முடியும். குறை தீராததால் சில நாள் ஓட்டியதும் அது மறுபடி எரியும். ஆகவே தெரு முனை வரை ஓட்டிப் பார்ப்பது போதாது. நம்பிக்கையான மெக்கானிக்கைக் கொண்டு ஸ்கேன் செய்து, வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பல சோதனைகள் முடியாமல் நின்றால் அண்மையில் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

நிறம்தான் முதல் பாடம்

பச்சை, நீலம் என்றால் வெறும் தகவல். மஞ்சள் என்றால் வண்டியை விரைவில் காட்ட வேண்டும். சிவப்பு என்றால் ஓரம் கட்டி நிறுத்த வேண்டும். 'கடை வரை போய்விடலாம்' என்ற பேச்சு சிவப்புக்குப் பொருந்தாது.

ஆயில் விளக்கு

எண்ணெய்க் குவளை வடிவில் சிவப்பாக எரியும். இது ஆயில் குறைவைக் காட்டும் விளக்கு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது காட்டுவது ஆயிலின் அழுத்தத்தை. அழுத்தம் இல்லையென்றால் கிராங்க் பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேரவில்லை. இரும்பும் இரும்பும் உரசிச் சில நிமிடங்களில் என்ஜின் ஜாம் ஆகிவிடும்.

விளக்கு எரிந்த உடனே என்ஜினை அணைக்க வேண்டும். சமதரையில் 10 நிமிடம் விட்டு ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து, மீண்டும் விட்டுப் பாருங்கள். ஆயில் இரு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் உரிய தர ஆயிலை ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். விளக்கு அணைந்தால் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஒர்க்‌ஷாப் போகலாம். ஆயில் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது, கட்டி இழுத்துத்தான் போக வேண்டும். பழுது சிறிய பிரஷர் சுவிட்சாக இருக்கலாம், ஆயில் பம்ப்பாகவும் இருக்கலாம். அதை ரோட்டில் நின்று கண்டுபிடிக்க முடியாது.

பழைய வண்டியில், சூடான பிறகு ஐடிலிங்கில் மட்டும் இந்த விளக்கு மினுக்கினால், பேரிங் தேய்ந்திருக்கலாம். இதை மறைக்கக் கெட்டியான ஆயில் ஊற்றி விற்பவர்களும் உண்டு. அதனால் ஓட்டிப் பார்க்கும்போது என்ஜின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டிப் பாருங்கள்.

நமக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவரின் வேன் மதுரையிலிருந்து லோடு ஏற்றித் திரும்பும்போது இந்த விளக்கு எரிந்தது. வண்டி ஓட்டிய பையன் பார்த்திருக்கிறான். கடைக்கு இன்னும் சில கிலோமீட்டர்தான், தாமதமானால் முதலாளி திட்டுவார் என்று ஓட்டிவிட்டான். ஊர் எல்லையில் என்ஜின் நின்றது. ஒரு லிட்டர் ஆயிலோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, முழு என்ஜின் வேலையாக வந்து நின்றது.

ஹீட் விளக்கு

வெப்பமானி வடிவில் சிவப்பாக எரியும், அல்லது முள் சிவப்புக் கோட்டைத் தொடும். முதலில் ஏசியை அணைத்து ஓரம் கட்டுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அது கொதித்து முகத்தில் பீறிடும். குறைந்தது அரைமணி நேரம் ஆறவிட்டு, ரிசர்வ் பாட்டிலில் கூலன்ட் அளவையும், ஹோஸ், பெல்ட், ஃபேன் ஆகியவற்றையும் பாருங்கள்.

கூலன்ட் அடிக்கடி குறைந்தும் வெளியே ஒழுக்கு தெரியவில்லை என்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஆயில் மூடியின் உட்புறம் பால் காபி நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தாலும், என்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலும் அதே சந்தேகம்தான். அலுமினிய ஹெட் ஒரு முறை அதிகச் சூடு கண்டாலே வளைந்துவிடும். அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றலாம். ஆனால் அதையே வழக்கமாக்கினால் உள்ளே துருவும் உப்பும் படிந்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும்.

பேட்டரி விளக்கு

இது எரிந்தால் பேட்டரி கெட்டுவிட்டது என்று புதிது வாங்கிவிடுவோர் உண்டு. ஓடும் வண்டியில் இது எரிந்தால் பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கவில்லை என்று அர்த்தம். நம் ஊர் மெக்கானிக்குகள் அதை டைனமோ என்பார்கள். ஹீட்டும் சேர்ந்து ஏறினால் பெல்ட் அறுந்திருக்கலாம். பல என்ஜின்களில் தண்ணீர் பம்ப்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது. அப்போது உடனே நிறுத்த வேண்டும். ஹீட் ஏறவில்லை என்றால் ஏசி, ஆடியோவை அணைத்துவிட்டு, என்ஜினை அணைக்காமல் அருகிலுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போய்விடுங்கள். அணைத்தால் மறுபடி செல்ஃப் எடுக்காமல் போகலாம்.

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று கடையில் இருப்பது நல்லது. என்ஜின் ஓடாமல் வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியில் 12.4 முதல் 12.7 வோல்ட் வரை காட்ட வேண்டும். ஓடும்போது ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் 12-ஐச் சுற்றியே நின்றால் பேட்டரி வாங்கிப் பயனில்லை. காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் முதலில் டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பூப்பைச் சுத்தம் செய்து, இறுக்கிவிட்டுப் பாருங்கள். பல வேளைகளில் அதோடு தீர்ந்துவிடும்.

பிரேக் விளக்கு

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போன்றது. ஹேண்ட்பிரேக்கை இறக்கிய பிறகும் சிவப்பாக எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். பிரேக் ஆயில் காரணமின்றிக் குறையாது. பேடு தேய்ந்திருக்கும், அல்லது எங்கோ ஒழுகும். ஆயிலை மட்டும் ஊற்றி விளக்கை அணைப்பது, கணக்கில் துண்டு விழும்போது பேரேட்டைத் திருத்துவது போலத்தான். பெடல் மெத்தென்று உள்ளே போனால் லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டியை எடுக்கக் கூடாது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். லோடோடு மலைச்சாலையில் தொடர்ந்து பிரேக் மிதித்து இறங்கும்போது, பெடல் இருந்தும் பிரேக் இல்லாத நிலை வருவது இதனால்தான். கொடைக்கானல், குமுளிப் பக்கம் சரக்கு கொண்டு போகிறவர்கள் 2 ஆண்டுக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றிவிடுங்கள். இறக்கத்தில் சிறிய கியரில் இறங்கச் சொல்லுங்கள். மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், நிதானமாகப் போய்க் காட்டலாம். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தால் நிறுத்துங்கள்.

மஞ்சள் என்ஜின் விளக்கு

நம் உறுப்பினர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். விளக்கு நிலையாக எரிந்தால் பதற வேண்டாம், ஓரிரு நாளில் காட்டலாம். விட்டுவிட்டு மின்னினால் பெட்ரோல் சரியாக எரியாமல் சைலன்சருக்குள் போகிறது. அங்கே உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெட்டால் செலவு பெரிது. வேகத்தைக் குறைத்து, பத்திரமான இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

ஸ்கேனர் காட்டும் கோடு நோயின் அறிகுறியைச் சொல்லுமே தவிர, எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. உதாரணமாக பி0171 என்று வந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். ரப்பர் ஹோஸில் விரிசல், அழுக்கான சென்சார், பலமிழந்த பெட்ரோல் பம்ப் என்று காரணம் பலவாக இருக்கலாம். பி0301 என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியானால் முதல் காயிலையும் இரண்டாவது காயிலையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். கோடு பி0302 என்று மாறினால் குறை காயிலில்தான். இந்தச் சோதனைக்குப் பாகச் செலவே கிடையாது. இதைச் செய்யாமல் பாகத்தை மாற்றச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள்.

மளிகைக் கடை வண்டிக்கென்று தனியாக ஒரு பகைவனும் உண்டு, அது எலி. கிடங்கின் ஓரத்தில் வண்டி நிற்கிறது, உள்ளே தானியம் சிந்திக் கிடக்கிறது. எலி வந்து வயரைக் கடிக்கிறது. விளக்கு எரிந்தால் சென்சார் வாங்கும் முன் வயரைப் பாருங்கள். வாரம் ஒரு முறை வண்டியின் உட்புறத்தைக் கூட்டிவிடுங்கள்.

டீசல் வண்டிகளில் சுருள் போன்ற மஞ்சள் விளக்கு அணைந்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். டீசலில் தண்ணீர் இருப்பதாக விளக்கு காட்டினால் ஃபில்டரில் சேர்ந்த நீரை உடனே வடித்துவிட வேண்டும். டிபிஎஃப் உள்ள வண்டியைக் கடைவீதிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் அதில் கரி அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டினால்தான் தானே எரிந்து சுத்தமாகும்.

விளக்கில் தெரியாத குறைகளைப் புகை சொல்லும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் எரிபொருள் அதிகம் போகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது.

முதலாளி செய்ய வேண்டியது

வாரம் ஒரு நாள், கடை திறக்கும் முன், ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், டயர் காற்று ஆகிய நான்கையும் பாருங்கள். 10 நிமிட வேலைதான். வண்டிக்கென்று ஒரு நோட்டுப் போட்டு, எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், என்ன ஊற்றினோம், என்ன மாற்றினோம் என்று எழுதுங்கள். மாதம் கால் லிட்டர் குடித்த ஆயில் அரை லிட்டர் ஆகும்போது அந்த நோட்டு உங்களுக்கு முதலில் சொல்லிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. விளக்கைப் பார்ப்பவன் ஸ்டியரிங்கில் இருக்கும் பையன், செலவு செய்பவர் கல்லாவில் இருக்கும் முதலாளி. பையன் பயந்தால் வண்டியை நிறுத்த மாட்டான். ஆகவே இன்றே அவனைக் கூப்பிட்டு, "தம்பி, சிவப்பு விளக்கு எரிந்தால் எந்த இடமானாலும் ஓரம் கட்டிவிட்டுப் போன் செய். சரக்கு தாமதமானால் கடைக்காரர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அப்படி அவன் ஒரு நாள் நிறுத்தி, போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை என்று தெரிந்தாலும் அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஒரு முறை கடிந்தால் அடுத்த முறை நிறுத்த மாட்டான். ஒரு நடை சரக்கு இரண்டு மணி நேரம் தாமதமாக வந்ததால் எந்தக் கடையும் நொடித்துப் போனதில்லை.