கேட்கக் கூடாத கேள்வியா அது?

சில வருஷங்களுக்கு முன்னாடி ஒரு ராத்திரி. எதிர்வீட்டுப் பையன், காலேஜ் ரெண்டாம் வருஷம், உயிரை விட முயற்சி பண்ணிட்டான். அப்பா வெளியூரில். அம்மாவால் நிற்கவே முடியவில்லை. 108 வண்டியில் துணைக்கு ஏறியது நான்தான்.

போகும்போது சும்மா இருந்தேனா? "ஏன்டா இப்படிப் பண்ணின? உனக்கு என்ன குறைச்சல்? அம்மாவை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாத்தியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அக்கறையில்தான் கேட்டேன்.

வண்டியிலிருந்த மருத்துவ உதவியாளர் இளம்பெண். பிரஷர், நாடி எல்லாம் பார்த்து, டிரிப்ஸ் ஏற்றி முடித்தவர், "சார், கொஞ்சம் பேசாம இருங்க" என்றார் மெதுவாக. அப்புறம் அவன் பக்கம் குனிந்து, "தம்பி, செத்துடணும்னு நினைச்சுத்தான் பண்ணீங்களா?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதையெல்லாம் ஒரு நோயாளிகிட்ட கேட்பாங்களா? பையன் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினான். "இப்பவும் அப்படித் தோணுதா?" ரொம்ப நேரம் கழித்து, "தெரியலக்கா" என்றான். "சரி. நான் பக்கத்துலயே இருக்கேன்."

ஆஸ்பத்திரியில் இறங்கியதும் நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டு அவன் சொன்னதை அப்படியே சொன்னார். "தனியா விட்டுடாதீங்க" என்பதையும் சேர்த்துத்தான் ஒப்படைத்தார்.

அதற்கப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். இதற்கென்றே பயிற்சிகள் இருக்கின்றன. பரவலாகத் தெரிந்தது 'அசிஸ்ட்'. 1983-இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் தொடங்கியது. இரண்டு நாள் பயிற்சி. ஆம்புலன்ஸ் ஊழியர், தீயணைப்பு வீரர், போலீஸ், ஆசிரியர் என்று யாரும் சேரலாம். பாடம் கேட்டுவிட்டு எழுந்து போக முடியாது. ஒருவர் உதவி தேவைப்படுபவராகவும் இன்னொருவர் உதவுபவராகவும் நடித்துப் பழக வேண்டும். ஏனென்றால் 'தற்கொலை' என்ற சொல்லை நேருக்கு நேர் ஒருவரிடம் உச்சரிப்பதற்கே வாய் பழக வேண்டியிருக்கிறது.

கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாக ஆகாதா? நானும் அப்படித்தான் நினைத்தேன். இதைப் பற்றி நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2014-இல் 'சைக்கலாஜிக்கல் மெடிசின்' இதழில் வந்தது. கேட்பதால் தற்கொலை எண்ணம் கூடுகிறது என்பதற்கு அவற்றில் ஆதாரம் கிடைக்கவில்லை. கேட்கப்பட்டவருக்கு, 'இதைப் பேச ஒரு ஆள் இருக்கு' என்ற ஆறுதல் கிடைக்கிறது.

எப்படிக் கேட்கிறோம் என்பது முக்கியம். நம்ம ஊர்ல கேட்கும் விதத்தை யோசித்துப் பாருங்கள்: "தப்பான முடிவு எதுவும் எடுத்துடலையே?" 'தப்பு' என்று தீர்ப்பும் சொல்லியாச்சு, 'இல்லை' என்ற பதிலையும் நாமே கையில் கொடுத்தாச்சு. அவர் எப்படி 'ஆமாம்' என்பார்? நான் வண்டியில் கேட்டதும் இதே ரகம்தான். அவை கேள்வியே இல்லை, திட்டு.

இப்படிப்பட்ட பயிற்சிகள் சொல்வதை வண்டிக்குள் பொருத்தினால் இப்படி வரும். முதலில் உடம்பு: மூச்சு, ரத்தப்போக்கு, நாடி. அது கட்டுக்குள் வந்ததும் நேரடிக் கேள்வி. பதில் வரும்வரை பொறுமை. "எல்லாம் சரியாயிடும்" என்று அவசரப்பட்டு மூடக் கூடாது. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சத்தியமும் பண்ணக் கூடாது. ஏனென்றால் அடுத்து பார்க்கப் போகிறவரிடம் சொல்லியே ஆக வேண்டும். தனியாக விடக் கூடாது.

அந்த ஒப்படைப்பில் நம்ம ஊரில் ஒரு முட்டுக்கட்டை உண்டு: போலீஸ் பயம். கேஸ் ஆகிவிடும் என்று வீட்டார் "கைதவறி நடந்துடுச்சு" என்பார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றம் என்றதால் வந்த பயம் அது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயற்சி செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 309 போன்ற பொதுப் பிரிவு கிடையாது. (அரசு ஊழியரைத் தம் கடமையைச் செய்யவிடாமல் தடுப்பதற்காகச் செய்யும் முயற்சி மட்டும் குற்றமாக வைக்கப்பட்டிருக்கிறது.) உண்மையைச் சொன்னால்தான் மனநல சிகிச்சைக்கு வழி கிடைக்கும். விபத்து என்று சொல்லிவிட்டால் காயத்துக்குக் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வீட்டுக்கு அனுப்பிய பிறகு என்ன நடக்கிறது என்பதும் உயிர் சம்பந்தப்பட்டது. முன்பு ஒருமுறை முயன்றவருக்குத்தான் ஆபத்து அதிகம். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளில் ஐந்து இடங்களில், முயற்சிக்குப் பின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 1,867 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு அதோடு சேர்த்து, வீடு திரும்பும் சமயத்தில் ஒரு மணி நேரப் பேச்சு. பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரிப்பு. 2008-இல் வெளியான முடிவு: முதல் பிரிவில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவீதம், இரண்டாவதில் 0.2 சதவீதம். புது மருந்து ஏதும் கிடையாது. "எப்படி இருக்கீங்க?" என்று விட்டுவிடாமல் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தச் சங்கிலியில் முதல் கண்ணி ஆம்புலன்ஸ் ஊழியர். டாக்டர் பார்ப்பதற்கு முன்னால், சொந்தக்காரர்கள் கூடுவதற்கு முன்னால், அவருக்கு ஒரு பத்து இருபது நிமிஷம் கிடைக்கிறது. அதற்கான பயிற்சியை முதலுதவிக்குச் சமமாக வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். இன்னொன்றும். இப்படிப்பட்ட ராத்திரிகளைத் தினமும் சுமக்கிறவர்கள் அவர்கள். டூட்டி முடிந்ததும் அவர்களிடமும் யாராவது கேட்க வேண்டும்.

அந்தப் பையனிடம் அப்புறம் ஒருநாள் நானே போய், "இப்பவும் அப்படித் தோணுதா?" என்று கேட்டேன். சொல்லும்போது குரல் நடுங்கியது. அவன் உட்காரச் சொன்னான். ரெண்டு மணி நேரம் பேசினோம்.

உங்களுக்கோ தெரிந்தவருக்கோ அப்படித் தோன்றினால் டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.