மதிலுக்குள் இருந்த ராஜாவும் கெய்ரோவுக்குப் போன கடிதமும்

மட்டக்களப்பிலிருந்து ரயிலில் கொழும்பு போகிறவர்கள் மாஹோ சந்தியைத் தூக்கக் கலக்கத்தில் கடந்துவிடுவார்கள். அங்கிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில்தான் யாப்பகூவ இருக்கிறது. எங்கள் வரலாற்றுக் குறிப்பில் அதற்கு இரண்டு வரிதான்: தம்பதெனியாவுக்குப் பின், குருநாகலுக்கு முன்.

கலிங்க மாகன் 1215 இல் பொலன்னறுவையைப் பிடித்தபோது மக்கள் சிதறினார்கள். சமவெளியில் குளமும் வயலும் இருந்தன, ஒளிய இடமில்லை. சுப என்ற சேனாதிபதி சுமார் 300 அடி உயரமான இந்தக் கற்பாறையைக் காவலரணாக்கினார். பிரான்சிலும் அதே காலத்தில், 1222 இல், தூலூஸ் பிரபு ஏழாம் ரேமோன் கோர்த் என்ற ஊரைக் குன்றின் மேல் மதில் சூழ அமைத்தார். பயம் எல்லா நாட்டிலும் மேட்டைத்தான் தேடியிருக்கிறது.

முதலாம் புவனேகபாகு (1272–1284) இதைத் தலைநகராக்கினான். பின்னால் பாறை, முன்னால் அரைவட்டமாக மதிலும் அகழியும். படிக்கட்டு மிகவும் செங்குத்து. அபாயாவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஏறும்போது, வாளோடு ஏறி வந்தவன் பாடு என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். வாப்பா பாதியிலேயே சிங்கச் சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சுவர்களில் ஆடுகிறவர்களும் மேளம் அடிக்கிறவர்களும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். காவலுக்கு மட்டும் கட்டிய இடமில்லை இது.

எனக்குப் பெரிய ஆச்சரியம் வேறு. இப்படி மதிலுக்குள் இருந்த ராஜா, 1283 இல் எகிப்தின் மம்லூக் சுல்தான் கலாவூனுக்குத் தூது அனுப்பினான். தூதுக்குழு பாரசீகக் குடா வழியாக கெய்ரோ போய்ச் சேர்ந்தது. கடிதத்தின் எழுத்தை அங்கே வாசிக்க ஆளில்லை. தூதர்களே வாயால் சொன்னார்கள். எங்களிடம் முத்து, மாணிக்கம், யானை, கறுவா எல்லாம் இருக்கிறது, நேரே வியாபாரம் செய்வோம் என்பதுதான் சாரம். தூதுக்குழுவில் முன்னின்றவர் அல்ஹாஜ் அபூ உத்மான் என்று அரபு வரலாறு சொல்கிறது. இந்த வரியை வாசித்த பிறகுதான் அந்த மலை எனக்கும் சொந்தமானது போலிருந்தது. யாப்பகூவ மண்ணில் சீன நாணயங்களும் கிடைத்திருக்கின்றன.

மதில் கடைசியில் காப்பாற்றவில்லை. பஞ்ச காலத்தில், பாண்டிய மன்னன் குலசேகரனின் படையோடு ஆரியச்சக்கரவர்த்தி வந்து தந்ததாதுவைக் கொண்டுபோனான். மூன்றாம் பராக்கிரமபாகு அதைப் போரிட்டு மீட்கவில்லை. பாண்டிய நாட்டுக்கு நேரில் போய், பேசியே வாங்கி வந்தான்.

தலைநகர் அதன்பின் யாப்பகூவவுக்குத் திரும்பவில்லை. படிக்கட்டு மட்டும் அப்படியே நிற்கிறது. ஏறி முடித்தால் மேலே மாளிகை இல்லை, காற்றுத்தான்.