மனிதன் சோதனைப் பொருளல்லன்

நோயுற்றவன் வைத்தியரிடம் தன் உடலை மட்டுமா ஒப்படைக்கின்றான்? தன் நம்பிக்கையையும் சேர்த்தன்றோ ஒப்படைக்கின்றான்! அந்நம்பிக்கைக்குத் துரோகம் இழைக்கப்பட்டால் விளைவது யாது? ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நிகழ்ந்ததை நாம் இங்கு நினைவுகூர்வோம்.

1932ஆம் ஆண்டில் அந்நாட்டின் பொதுச் சுகாதார சேவையினர் டஸ்கீகி என்னும் ஊரில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். சிபிலிஸ் என்னும் மேகநோய், மருந்தின்றி விடப்பட்டால் உடலை எங்ஙனம் அழிக்கும் என அறிவதே அதன் நோக்கம். சேர்க்கப்பட்டோர் ஏறக்குறைய 600 கறுப்பின ஆண்கள். அவர்களுள் 399 பேர் நோயாளிகள். பெரும்பாலோர் ஏழை உழவர். 'கெட்ட இரத்தத்துக்கு' வைத்தியம் செய்யப்படுகின்றது என்றே அவர்களுக்குக் கூறப்பட்டது. ஆராய்ச்சிக்காக முதுகெலும்பில் ஊசி குத்தி நீர் எடுத்ததைக்கூட விசேட சிகிச்சை என்றனர். இலவசப் பரிசோதனையும், உணவும், இறந்தால் அடக்கச் செலவும் கிடைக்குமென நம்பி அவ்வேழைகள் வந்தனர்.

1940களில் பெனிசிலின் இந்நோயைத் தீர்க்கும் என்பது உறுதியாயிற்று. ஆயினும் அம்மருந்து அவர்களுக்கு மறுக்கப்பட்டது. நோய் தீர்ந்துவிட்டால் ஆராய்ச்சி ஏது?

1947இல், நியூரம்பேர்க் நகரில் நாஜி வைத்தியர்களை விசாரித்த அமெரிக்க நீதிபதிகள், மனிதரைச் சோதிப்பதற்கு அவரது சுயவிருப்பான சம்மதம் இன்றியமையாதது என விதித்தனர். 1964இல் உலக வைத்திய சங்கம் ஹெல்சிங்கிப் பிரகடனத்தை வெளியிட்டது. பிறர் குற்றத்தைக் கண்ட கண், தன் வீட்டுக் குற்றத்தைக் காணவில்லை! 1972இல் பத்திரிகைகள் உண்மையை வெளியிட்ட பின்னரே, 40 ஆண்டுகள் நீடித்த அவ்வாராய்ச்சி நின்றது. அதற்குள் பலர் மாண்டனர். மனைவியர் சிலருக்கும் நோய் தொற்றியது. குழந்தைகள் சிலர் நோயுடனேயே பிறந்தனர். 1997இல் ஜனாதிபதி கிளின்டன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கோரினார்.

இக்கொடுமையின் பின்னர் எழுந்த பெல்மன்ட் அறிக்கை 1979இல் மூன்று நெறிகளை வகுத்தது. மனிதரை மதித்து, உண்மையைக் கூறிச் சம்மதம் பெறுதல் ஒன்று. தீங்கைக் குறைத்து நன்மையைப் பெருக்குதல் மற்றொன்று. சுமையை ஏழைமேலும் பயனைச் செல்வர்மேலும் சுமத்தாது நீதி காத்தல் மூன்றாவது.

ஆராய்ச்சியே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. தாமே முன்வந்த மனிதரின்றிப் புதிய மருந்தோ தடுப்பூசியோ பிறவாது. ஆனால், அவர் அறிந்து முன்வருதல் வேண்டும்.

நாளை நம்மிடமோ நம் பெற்றோரிடமோ ஒரு சம்மதப் படிவம் நீட்டப்படலாம். 'இதனால் எமக்கு என்ன நேரும்? வேறு சிகிச்சை உண்டா? இடையில் விலகலாமா?' என்று கேட்போமாக. அவ்வாறு கேட்பது வைத்தியரை அவமதிப்பதன்று. நேர்மையான வைத்தியர் அக்கேள்விகளை வரவேற்பார். டஸ்கீகி மக்களுக்கு உண்மை சொல்லப்பட்டிருந்தால், அவர்களுள் எத்தனை பேர் பிழைத்திருப்பர்!