கடலடியில் குறைந்தபட்ச இருப்பு

சென்னையிலிருந்து வான்வழியே சுமார் இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ளது ஸ்ரீ விஜயபுரம். 2024 வரை போர்ட் பிளேர் என்று வழங்கிய ஊர் அது. அங்கிருந்து பயணியர் கப்பலில் வடகிழக்கே சென்றால் ஸ்வராஜ் தீவை அடையலாம். 2018 டிசம்பரில் பெயர் மாறும் வரை ஹேவ்லாக் என்றே உலகம் இதனை அறிந்திருந்தது. முக்குளிப்பவர்கள் இன்றும் அப்பெயரையே மிகுதியும் வழங்குகின்றனர். நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் குடியமர்த்தப்பட்ட இத்தீவில் நெல்வயலும் பாக்குத் தோப்பும் கடற்கரை வரை நீள்கின்றன. அக்கரையோரத்தில்தான் நாட்டின் ஸ்கூபா முக்குளிப்பு நிலையங்கள் பல அமைந்துள்ளன.

இத்தீவுக்கு வருவோரில் பெரும்பாலோர், பயிற்றுநர் தம்மைப் பிடித்துக்கொள்ள, ஆழமற்ற நீரில் ஒருமுறை மூழ்கிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புபவர்கள். இக்கட்டுரை அவர்களைப் பற்றியதன்று. முறையாகப் பயின்று சான்றிதழ் பெற்றவர்கள், வழிகாட்டி ஒருவரின் துணையோடு ஆழ்ந்த பாறைகளைக் காணச் செல்லும் பயணத்தைப் பற்றியது. வங்கிப் பணியில் இருபது ஆண்டுகளைக் கடந்த நாங்கள் நால்வர், விடுப்புப் பயணச் சலுகையில் அங்கு சென்று ஐந்து நாட்கள் தங்கினோம். கடலழகைக் காணச் சென்ற எங்களுக்கு, வரம்பும் இருப்பும் இடர் மதிப்பீடும் நீருக்கடியிலும் நிலவுவது வியப்பளித்தது.

சான்றிதழும் அதன் வரம்பும்

உலகெங்கும் பின்பற்றப்படும் முறைப்படி, தொடக்கநிலைச் சான்றிதழான 'ஓப்பன் வாட்டர்' பெற்றவர் 18 மீட்டர் ஆழம் வரை செல்லலாம். அடுத்த நிலையான 'அட்வான்ஸ்டு' சான்றிதழ் பெற்றவருக்கு 30 மீட்டர். பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு இறுதி எல்லை 40 மீட்டர். இவ்வரம்புகள் கடன் வரம்பைப் போன்றவை: வழங்கப்பட்ட அளவு முழுவதையும் பயன்படுத்தியே தீரவேண்டும் என்பதில்லை, மீறினால் விளைவு நம்முடையது.

எங்களுள் இருவர் முதல்நிலையினர். இருவர் இரண்டாம் நிலையினர். நிலையத்திற்குச் சென்றதும் சான்றிதழ் அட்டையோடு முக்குளிப்புப் பதிவேட்டையும் கேட்டனர். எத்தனை முறை மூழ்கினோம், கடைசியாக எப்போது, எவ்வளவு ஆழத்தில் என்பதெல்லாம் அப்பதிவேட்டில் இருக்கும். நால்வரில் ஒருவர் கடைசியாக மூழ்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரை ஆழமற்ற நீரில் அரைநாள் மீள்பயிற்சிக்கு அனுப்பினர். "சான்றிதழ் காலாவதியாவதில்லையே" என்று அவர் வாதிட்டார். அட்டை காலாவதியாகாது, கைப்பழக்கம் காலாவதியாகும். முகக்கவசத்துள் புகுந்த நீரை வெளியேற்றுவதிலேயே தடுமாறிய பின்னர், அந்த அரைநாள் வீணன்று என்பதை அவரே ஒப்புக்கொண்டார். செயல்படாக் கணக்கை மீண்டும் இயக்க வாடிக்கையாளரிடம் ஆவணம் கேட்கும் நாம், இதைக் குறைகூற இயலாது.

உடல்நலப் படிவமும் அவ்வாறே. ஆஸ்துமா, இதயநோய், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், காது அறுவை முதலியவற்றைப் பற்றி வினாக்கள் உள்ளன. 45 வயதைக் கடந்தவர்களுக்குக் கூடுதல் வினாக்களும் உண்டு. 'ஆம்' என்ற விடை வந்தால் மருத்துவரின் ஒப்புதல் பெரும்பாலும் தேவைப்படும். பயணத்தைக் காப்பாற்றும் பொருட்டு 'இல்லை' என்று எழுதுவோர் உளர். கடன் விண்ணப்பத்தில் தவறான தகவல் தந்தால் பணம் மட்டுமே சிக்கும். இங்கே சிக்குவது உயிர்.

காற்றுக் கணக்கு

நீருக்கடியில் 10 மீட்டர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. மேற்பரப்பில் ஒன்றாக இருப்பது 10 மீட்டரில் இரண்டு, 20 மீட்டரில் மூன்று, 30 மீட்டரில் நான்கு. அழுத்தம் கூடக்கூட வாயுவின் கன அளவு குறையும் என்று ராபர்ட் பாயில் 1662-இல் வகுத்த விதி இங்கே நேரடியாகச் செயல்படுகிறது. ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் அவ்வளவு மடங்கு காற்று செலவாகும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 11 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று அடங்கும். அதில் 50 பார், அதாவது 550 லிட்டர், தொடக்கூடாத இருப்பு. எஞ்சுவது 1,650 லிட்டர். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு அது 82 நிமிடம் வரும். அதே மனிதருக்கு 10 மீட்டரில் 41 நிமிடம், 20 மீட்டரில் 27 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம் மட்டுமே. அச்சமோ அவசரமோ வந்து மூச்சு விரைந்தால் இதுவும் பாதியாகும்.

அந்த 50 பார்தான் முக்குளிப்பவரின் குறைந்தபட்ச இருப்பு. வங்கிக் கணக்கில் இருப்புக் குறைந்தால் அபராதம் கட்டித் தப்பலாம். கடலடியில் அபராதத்துக்கு அவகாசம் இல்லை. ஏனெனில் காற்று தீர்ந்தவர் உடனே மேலே பாய்ந்துவிடவும் கூடாது. ஆழத்தில் சுவாசித்த காற்றிலுள்ள நைட்ரஜன் உடல் திசுக்களில் கரைந்திருக்கும். மெல்ல ஏறினால் அது மூச்சின் வழியே வெளியேறும். விரைந்து ஏறினால் சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் குமிழ்களாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். அதனால் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறுவதும், 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று வருவதும் நெறி. அந்நேரத்துக்கும் காற்று வேண்டும், இருப்பு அதற்காகவே.

வழிகாட்டியின் பணி

மீனைச் சுட்டிக்காட்டுபவரே வழிகாட்டி என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அது அவர் பணியில் சிறு பகுதியே. விடியற்காலையில் அலையேற்ற இறக்க அட்டவணையைப் பார்த்து எந்தப் பாறைக்கு எந்நேரத்தில் செல்வது என்று முடிவு செய்கிறார். 'டுங்கி' எனப்படும் மரப்படகிலோ விரைவுப் படகிலோ புறப்படும் முன் கரும்பலகையில் பாறையின் வரைபடம் தீட்டி, எங்கே இறங்குவது, எந்த ஆழத்தில் திரும்புவது, எத்தனை பாரில் கை காட்டுவது என்று விளக்குகிறார். கை மொழியையும் நினைவூட்டுகிறார். கட்டைவிரலை உயர்த்தினால் 'நன்று' என்று பொருளன்று. 'மேலே போவோம்' என்று பொருள். நலம் என்பதைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வட்டத்தால் சொல்லவேண்டும்.

எங்கள் பயணத்தின் மூன்றாம் நாள் 'டிக்ஸன்ஸ் பினாக்கிள்' என்னும் புகழ்பெற்ற பாறைக்குச் செல்வதாக இருந்தது. இரண்டாம் நிலைச் சான்றிதழ் பெற்ற இருவரும் அதற்காகவே அத்தீவைத் தேர்ந்தெடுத்திருந்தோம். ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் படகில் சென்று சேர்ந்தோம். கருவிகளை அணிந்து காத்திருந்தபோது வழிகாட்டி தனியே நீரில் இறங்கி, நங்கூரக் கயிற்றைப் பற்றிச் சற்று நேரம் கீழே நோக்கியிருந்து மேலே வந்தார். கயிற்றைப் பற்றிய அவருடைய உடல் கொடிபோல் கிடையாக நீண்டிருந்ததைப் படகிலிருந்தே கண்டோம். நீரோட்டம் அவ்வளவு வலுவாக இருந்தது. "இன்று இறங்கப் போவதில்லை, சார். பாறை எங்கும் ஓடிவிடாது, நாளையும் அங்கேதான் இருக்கும்" என்று இந்தியில் சொன்னார்.

பணம் செலுத்தியாயிற்று, விடுப்பு நாட்களோ எண்ணப்பட்டவை. எங்களுள் ஒருவர் சற்று வற்புறுத்தியும் பார்த்தார். வழிகாட்டி முகம் சுளிக்கவில்லை, முடிவையும் மாற்றவில்லை. காற்று மறைவான வேறோர் ஆழமற்ற பாறைக்குப் படகைத் திருப்பினார். கிளை மேலாளராகப் பணியாற்றியவர்கள் எல்லோரும், நல்ல வாடிக்கையாளர் ஒருவருக்கு 'இப்போது இயலாது' என்று சொல்வதன் அருமையை அறிவர். வழிகாட்டிக்கு நாம் தரும் கட்டணத்தின் பெரும்பகுதி அந்த ஒரு சொல்லுக்காகவே.

கீழே காண்பவை

ஐந்தாம் நாளைக் கடலில் இறங்காத நாளாக முன்பே ஒதுக்கியிருந்தோம். ஆகவே எஞ்சியிருந்தது நான்காம் நாள் காலை மட்டுமே. அன்று நீரோட்டம் தணிந்திருந்தது. முதல்நிலையினர் இருவரும் வேறொரு வழிகாட்டியோடு ஆழமற்ற பாறைக்குச் செல்ல, நாங்கள் இருவரும் டிக்ஸன்ஸில் இறங்கினோம். அடிமணலிலிருந்து கோபுரங்கள்போல் எழுந்த பாறைகள் ஊதா நிற மென்பவளங்களால் மூடப்பட்டிருந்தன. சீலா மீன்கள் கூட்டமாய் நிலைத்து நின்றன. பாரை மீன்கள் சிறு மீன்களைத் துரத்தின. பாறை இடுக்கிலிருந்து அஞ்சாலை ஒன்று வாயைத் திறந்து மூடியது. சிவப்பு நிறம் ஆழத்தில் முதலில் மறைந்துவிடுவதால் யாவும் நீலம் பூசியவை போலத் தோன்றின. வழிகாட்டி விளக்கைக் காட்டிய இடத்தில் மட்டும் வண்ணங்கள் மீண்டும் தோன்றின.

டிக்ஸன், ஜானி, ஜாக்சன் என்று இப்பாறைகளுக்கு வழங்கும் பெயர்கள் கரேன் சமூகத்தைச் சேர்ந்த முக்குளிப்பவர்களுடையவை என்று தீவினர் சொல்கின்றனர். 1925-இல் பர்மாவிலிருந்து வனப்பணிக்காகக் கொண்டுவரப்பட்டு மாயாபந்தர் பகுதியில் குடியேறியவர்கள் கரேன் மக்கள். கடலறிவில் தேர்ந்தவர்கள். ஆங்கிலேயத் தளபதிகளின் பெயர் தாங்கிய தீவுகளுக்கு நடுவே, உழைத்தவர்களின் பெயர் தாங்கிய பாறைகள் நீருக்கடியில் இருப்பது மனத்துக்கு நிறைவளித்தது.

எல்லா இடமும் அவ்வாறு செழிப்பாக இல்லை. கடல்நீரின் வெப்பம் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி உயர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால், பவள உயிரிகள் தமக்கு உணவும் நிறமும் அளிக்கும் நுண்பாசிகளை வெளியேற்றி வெளுத்துவிடுகின்றன. 2010-இல் அந்தமானில் அவ்வாறு பெருமளவில் நேர்ந்தது. ஆழமற்ற சில இடங்களில் உடைந்த பவளங்கள் சாம்பல் நிறக் குவியலாகக் கிடந்ததைக் கண்டோம். பாறை கட்டும் பவளங்கள், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் இடம்பெற்றவை. புலிக்கு நிகரான பாதுகாப்பு அவற்றுக்கு உண்டு. கரையில் ஒதுங்கிய துண்டை எடுத்து வருவதும் வழக்கில் சிக்கவைக்கும்.

மேலே வந்த பின்

கடைசியாக மூழ்கிய பின் உடனே விமானம் ஏறலாகாது. விமானத்துள் அழுத்தம் குறைவதால், உடலில் எஞ்சிய நைட்ரஜன் மீண்டும் குமிழாகக்கூடும். ஒருமுறை மட்டும் மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் காத்திருக்கவேண்டும்; 24 மணி நேரம் விடுவது நல்லது.

இது வெறும் விதியாக எங்களுக்குத் தோன்றவில்லை. டிக்ஸன்ஸில் மூழ்கிக் கரை திரும்பியபோது, எங்களுள் ஒருவரின் தந்தையார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்தி காத்திருந்தது. அன்று மாலைக்குள் சென்னை சேர வழியுண்டா என்று அவர் விசாரித்தார். வழிகாட்டி அவருடைய மணிக்கட்டிலிருந்த முக்குளிப்புக் கணினியைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலைக்கு முன் விமானம் ஏறவேண்டாம் என்றார். அவ்விரவு நண்பர் உறங்கவில்லை. மறுநாள் சென்று சேர்ந்தார், தந்தையாரும் நலமடைந்தார். முக்குளிக்கச் செல்பவர், வீட்டார் அழைத்தாலும் ஒருநாள் செல்ல இயலாத நிலையை ஏற்றுக்கொண்டே செல்கிறார். முதியோர் நலம் குன்றியிருக்கும் காலத்தில் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அழுத்தநோய்க்கு மருந்து, உயரழுத்த அறையில் உயிர்வளி அளிப்பதே. அத்தகைய அறை ஸ்ரீ விஜயபுரத்திலுள்ள கடற்படை மருத்துவமனையில் உள்ளது. தீவிலிருந்து அங்குச் செல்லக் கடல் கடக்கவேண்டும். ஆகவே காப்பீட்டையும் பார்க்கவேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த பொது விலக்குகளில், சாகச விளையாட்டில் தொழில்முறையாக ஈடுபடுவோரின் சிகிச்சைச் செலவு இடம்பெற்றுள்ளது. ஸ்கூபாவும் அதில் பெயர் சுட்டப்பட்டுள்ளது. பொழுதுபோக்காகச் செல்பவருக்கு அவ்விலக்கு மருத்துவக் காப்பீட்டில் பொருந்தாது என்றாலும், பயணக் காப்பீடும் விபத்துக் காப்பீடும் வேறு சொற்களில் விலக்கியிருக்கக்கூடும். பத்திரத்தைப் படித்து, எழுத்துமூலம் கேட்டு அறிவதே முறை.

வாசகர் கவனத்துக்கு

• பருவம்: டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தைத் தவிர்க்கலாம்.

• ஆவணங்கள்: சான்றிதழ் அட்டை, பதிவேடு, தேவைப்படின் மருத்துவரின் ஒப்புதல், காப்பீட்டுப் பத்திரத்தின் படி.

• நிலையத்தைத் தேர்தல்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், படகில் உயிர்வளிச் சிலிண்டர் உண்டா, வானிலையால் கைவிட்டால் கட்டணம் என்னாகும் என்ற மூன்றையும் முன்பணம் செலுத்தும் முன் கேளுங்கள், இரசீது பெறுங்கள்.

• பணம்: 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடியிழை வடம் வந்தபின் தீவில் இணையவழிச் செலுத்துகை எளிதாகியுள்ளது. ஆயினும் சிறிது ரொக்கமும் வைத்திருங்கள்.

• நாட்கள்: பயணத்தின் கடைசி நாளை நீருக்கு வெளியே கழிக்குமாறு திட்டமிடுங்கள். கைவிடப்படும் ஒரு நாளுக்கும் இடம் விடுங்கள்.

செலவைக் குறைக்க எண்ணுவோர் அறையிலும் உணவிலும் குறைக்கலாம். வழிகாட்டியிலும் கருவியிலும் காத்திருக்கும் மணி நேரத்திலும் குறைக்கவேண்டாம். 50 பார் எஞ்சியிருக்கையில் மேலே வருபவரே அடுத்த முறையும் கீழே செல்வார்.