மனதுக்கும் ஒரு முதலுதவி

கை வெட்டுப்பட்டால் கட்டுப்போட நமக்குத் தெரியும். கடையில் தீப்பிடித்தால் அணைக்கத் தெரியும். எல்லாவற்றையும் இழந்த ஒருவர் முன்னால் வந்து நின்றால் என்ன பேசுவது? எனக்கு அது தெரியாமல் இருந்தது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரை இழந்தோம். சாய்ந்தமருதில் பலசரக்குக் கடை வைத்திருந்த என் நண்பர் கடையையும் இழந்தார், இரண்டு பிள்ளைகளையும் இழந்தார். பாடசாலை முகாமில் அவரைக் கண்டபோது, "நடந்ததை மறந்திடு மச்சான், சாமான் நான் கடனுக்குத் தாறன், கடையைத் திற" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதே முகாமுக்கு வந்த ஒரு தாதி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "காக்கா, இப்ப உங்களுக்கு என்ன தேவை?" என்று மட்டும் கேட்டார். கட்டாரில் இருக்கும் தம்பியோடு பேச வேண்டும் என்றார் நண்பர். அதற்கு ஒழுங்கு செய்து கொடுத்தார் அந்தத் தாதி. அன்றுதான் நண்பர் வாய்விட்டு அழுதார். பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார்: "நீ கடையைப் பத்திப் பேசினாய். அந்த மிஸ்ஸி என்னைப் பத்திக் கேட்டா."

அந்தத் தாதி செய்ததற்கு இன்று 'உளவியல் முதலுதவி' என்று பெயர். உலக சுகாதார நிறுவனம் வேறு அமைப்புகளுடன் சேர்ந்து 2011இல் இதற்கொரு கைநூல் வெளியிட்டது. அதன் சாரம் மூன்று: பார்த்தல், கேட்டல், இணைத்தல். ஆபத்தும் அவசரத் தேவையும் யாருக்கு என்று பார்ப்பது, சொல்வதைக் கேட்பது, உறவினரோடும் உதவி கிடைக்கும் இடங்களோடும் இணைத்துவிடுவது. நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது. அனர்த்தத்தில் சிக்கியவர்களில் பெரும்பாலானோர் காலப்போக்கில் தேறிவிடுவார்கள். தேறாத சிலரை அடையாளம் கண்டு வைத்தியரிடம் அனுப்பவும் தாதிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதைப் படிக்கக் கொழும்புக்கு ஓர் இரவு பஸ்ஸில் போய்த் தங்கினால் வார்டை யார் பார்ப்பது? இணையவழிப் பயிற்சி இங்கேதான் கைகொடுக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2018இல் தொடங்கிய டிஜிட்டல் அகடமி, வைத்தியர்களோடு தாதியருக்கும் உளநலப் பயிற்சியை இருந்த இடத்திலேயே கொடுக்கிறது. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் உளவியல் முதலுதவிக்கே ஓர் இணையப் பாடநெறி வைத்திருக்கிறது.

ஆனால் திரையைப் பார்த்தால் மட்டும் போதாது. கணக்குப் படித்தவன் எல்லாம் கல்லாவில் இருக்க முடியுமா? தாதியர் சிறு குழுக்களாகக் கூடிப் பேசிப் பழக வேண்டும். சந்தேகம் கேட்க அனுபவமுள்ளவர் ஒருவர் வேண்டும். பாடம் நம் தமிழில் இருக்க வேண்டும். சுனாமியில் சொந்தங்களை இழந்துகொண்டே கடமை செய்த தாதியரும் இருந்தார்கள். அவர்களுக்கும் ஆறுதல் வேண்டும்.

அனர்த்தம் சுனாமியோடு முடியவில்லை. 2024 நவம்பரில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் மத்ரஸா மாணவர்களைக் கொண்டுபோனது. 2025 நவம்பரில் டித்வா புயலில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போதெல்லாம் அரிசியும் பருப்பும் லொறி லொறியாக அனுப்பினோம். அது நல்ல காரியம். அந்தச் செலவில் ஒரு சிறு பங்கு போதும், ஒரு மண்டபம், இணைய இணைப்பு, மின்சாரம் நின்றால் ஒரு ஜெனரேட்டர், தேநீர் எல்லாம் கொடுத்து வைத்தியசாலைத் தாதியருக்கு இந்தப் பயிற்சியை நடத்த. வர்த்தகர் சங்கங்கள் சுகாதாரப் பகுதியினரோடு இதைப் பேச வேண்டும்.

ஒன்றை மட்டும் இன்றே செய்யலாம். தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926ஐக் கல்லாவுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். மழைக்கு முன் கூரையைப் பார்ப்பவன்தான் நல்ல வியாபாரி.