லீசிங் தவணையும் வயல் வருமானமும்

2007ஆம் ஆண்டு படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்த நம் மக்கள் திரும்பி வந்தபோது, வவுணதீவிலும் பட்டிப்பளையிலும் வெல்லாவெளியிலும் பல வளவுகளில் மாடும் இல்லை, கலப்பையும் இல்லை. 2009இல் யுத்தம் முடிந்தபின் லீசிங் நிறுவனங்கள் நம் பக்கம் வந்தன. சிறு முற்பணத்தோடு லாண்ட்மாஸ்டரும் முச்சக்கரவண்டியும் மோட்டார் சைக்கிளும் வாசலுக்கு வந்தன. தேவை இருந்தது, வாங்கியவரைக் குறை சொல்ல முடியாது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பெரும்போக வெட்டு முடிந்து மாசி, பங்குனியில்தான் கையில் காசு புரளும். உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் கீழ் சிறுபோகமும் செய்பவருக்கு இன்னொரு முறை. தவணையோ மாதாமாதம் வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் தவணை கட்ட நகையை அடகு வைக்கிறோம், கைமாற்று வாங்குகிறோம். நான் பார்த்தவரையில் குடும்பங்களை நெருக்குவது லீசிங்கை விட இந்த இரண்டாவது கடன்தான். ஆகவே ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன், வெட்டுக் காலத்தில் கூடுதலாகவும் மற்ற மாதங்களில் குறைவாகவும் கட்ட முடியுமா என்று கேளுங்கள். எல்லா நிறுவனமும் சம்மதிக்காது. சம்மதித்தால் எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது வட்டிக் கணக்கு. 3 இலட்சம் ரூபாயை வருடத்துக்கு 15 வீதப்படி 3 வருடத்துக்கு எடுத்ததாக வைத்துக்கொள்வோம். முழுத் தொகைக்கும் 3 வருட வட்டி 1,35,000. மொத்தம் 4,35,000; மாதத் தவணை சுமார் 12,083 ரூபா. முதல் குறைந்துகொண்டே போகும்போதும் வட்டி குறையாததால், உண்மையில் நாம் கொடுப்பது ஏறத்தாழ 26 வீதம். ஒரு வருடத்தில் 1,45,000 ரூபா கட்டியிருப்போம்; முதலில் கழிந்திருப்பதோ சுமார் 75,000 மட்டுமே. தொடக்கத் தவணைகளில் வட்டியே பெரும்பகுதி.

நல்ல விளைச்சல் கிடைத்து முன்கூட்டியே முடிக்க நினைப்பவர் இதை மனதில் வைக்கவேண்டும். மிச்சமுள்ள 24 தவணையைப் பெருக்கினால் 2,90,000 வரும். அதை அப்படியே கட்டினால் வராத மாதங்களுக்கும் வட்டி கொடுத்தவராவீர்கள். மிச்ச முதல் சுமார் 2,25,000தான். 'இன்று முடிப்பதானால் எவ்வளவு, வட்டிக் கழிவு எவ்வளவு, கட்டணம் எவ்வளவு' என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தோடு பேசித் தீராத முறைப்பாட்டை மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்குச் சொல்லலாம்.

தவணை தவறும்போது ஒளிந்திருப்பது நல்லதல்ல. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டப்படி, ஒப்பந்தம் தீரும்வரை வாகனத்தின் உரிமை நிறுவனத்துடையது. அவர்கள் எடுத்து விற்ற விலை போதாவிட்டால் மிச்சத்தை உங்களிடமும் பிணை நின்றவரிடமும் கேட்பார்கள். பிணை நின்றவர் பெரும்பாலும் மச்சானோ அயலவரோதானே, உறவும் முறிகிறது. நிலுவை ஏறுமுன் நிறுவனத்தின் சம்மதத்தோடு நீங்களே ஆள் பார்த்து விற்பது மேல்.

கடைசித் தவணையோடு வேலை முடிவதில்லை. கடன் தீர்ந்ததற்கான கடிதத்தை வாங்கி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்திலுள்ள நிறுவனத்தின் பெயரை நீக்கவேண்டும். பற்றுச்சீட்டுகளை எறியவேண்டாம். அடுத்த மாதம் முதல், பழகிய அதே தேதியில் தவணையின் பாதியையாவது சேமிப்புப் புத்தகத்தில் போட்டுவாருங்கள். டயரும் காப்புறுதியும் அதிலிருந்து போகட்டும். இன்னொரு வண்டி தேவைப்படும் நாளில் முற்பணமும் அங்கேயே இருக்கும்.