துணைக்கு ஒருவர்

திங்கட்கிழமை காலையில் கடலூர் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போனால், மாவட்டத்தின் கவலைகளெல்லாம் மனுக்களாக வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். அன்று மக்கள் குறைதீர்க்கும் நாள். ஒருவருக்குப் பட்டா மாறவில்லை, இன்னொருவருக்கு முதியோர் உதவித்தொகை நின்றுபோயிருக்கிறது. மனு எழுதிக் கொடுக்க ஆள் உண்டு, கூலி கொடுத்தால் போதும். பதில் வராவிட்டால் அடுத்து எங்கே போவது என்று சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை.

பிரிட்டனில் இதற்கென்றே ‘சிட்டிசன்ஸ் அட்வைஸ்’ என்ற தொண்டு அமைப்பு இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய கையோடு, 1939 செப்டம்பர் 4 அன்று அதன் முதல் நிலையங்கள் திறக்கப்பட்டன. கடன், வாடகை, அரசு உதவி என எதைக் கேட்டாலும் காசு வாங்காமல் வழி சொல்வார்கள். நம் ஊர்த் தெருக்களில் அப்படி ஒரு பெயர்ப்பலகை கிடையாது. அந்த வேலையைச் சங்கங்களும் கட்சிக் கிளைகளும் சில நல்ல வக்கீல்களும் பங்கு போட்டுச் செய்துவருகிறார்கள்.

இதற்குப் பெரிய சாட்சி இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. 1993இல் விருத்தாசலம் பக்கத்து முதனை கிராமத்து ராஜாக்கண்ணு போலீஸ் காவலில் இறந்த வழக்கு அது. அவர் மனைவியை உள்ளூர் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்கள் சென்னைக்கு அழைத்துப் போனார்கள். அப்போது வக்கீலாக இருந்த கே. சந்துரு ஃபீஸ் வாங்காமல் ஆட்கொணர்வு மனு போட்டார். போலீஸ்காரர்கள் குற்றவாளிகள் என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2006 ஆகிவிட்டது. இதை வைத்து எடுத்த ‘ஜெய் பீம்’ படத்தைப் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். வக்கீலைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அந்தப் பெண்ணோடு பஸ் ஏறியவர்களைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

பக்கத்துத் திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று நடத்தும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இந்தத் துணைக்குப் போகும் வேலையைத்தான் ஆண்டுக்கணக்கில் செய்கிறது. பொய் வழக்கு, கொத்தடிமை, சாதிச் சான்றிதழ் என்று ஓயாத அலைச்சல். சான்றிதழ் கேட்டால், “அப்பாவுடையதைக் கொண்டு வா” என்பார்கள். அப்பாவுக்கே இல்லாத குடும்பம் என்ன செய்யும்? சிதம்பரத்தை அடுத்த கிள்ளையில், பிச்சாவரம் கழிமுகத்தில் கையால் தடவி மீன் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கும் இதே சிக்கல்தான். அலையாத்திக் காட்டை மீட்கப் போன எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், அவர்களுடைய சான்றிதழுக்காகவும் அலைய வேண்டியிருந்தது.

தொண்டு அமைப்பு எட்டாத இடத்துக்கு அரசின் கதவு ஒன்று உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடலூரில் மாவட்ட ஆணைக்குழு, சிதம்பரத்தில் வட்டக் குழு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோர் இலவசச் சட்ட உதவி கேட்டு வந்தால் வருமானக் கணக்கே கேட்கக் கூடாது. வசதியான வீட்டுப் பெண்ணும் இலவச வக்கீல் கேட்கலாம். பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களும் இந்தப் பட்டியலில் உண்டு. 2004இல் சுனாமி, 2011இல் தானே புயல், 2015இல் வெள்ளம் என்று வாங்கிக் கட்டிக்கொண்ட மாவட்டத்துக்கு இது சின்ன விஷயமில்லை. இதே சட்டப்படி நடக்கும் லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், வழக்கு சமரசமானால், ஏற்கெனவே கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்த முடிவின் மேல் அப்பீல் கிடையாது. யோசித்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்று கேட்கப்படும் ஆலோசனையில் கடன்தான் அவசரமானது. ஒரு குழுக் கடனை அடைக்க இன்னொரு குழுவில் சேர்ந்து, தவணை நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும் பெண்கள் பலருக்குத் தெரியாத விதிகள் இவை: நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் ஆள் வரக் கூடாது, போனும் பண்ணக் கூடாது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி நுண்கடன் கொடுக்கக் கூடாது. இரண்டும் 2022இல் ரிசர்வ் வங்கி போட்டவை. கந்துவட்டி, மீட்டர் வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதலே தனிச் சட்டம் இருக்கிறது. மூன்று ஆண்டுவரை சிறை.

நோட்டீஸ் வந்தால் கிழித்துப் போட வேண்டாம். அதையும் பாஸ்புக், தவணை அட்டை, ஆதார் நகலையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கோர்ட் வளாகத்துச் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போகலாம். போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். எழுதப் படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டு அக்காவுக்கு நோட்டீஸ் வந்திருந்தால், நீங்களும் கூடப் போய் வாருங்கள்.